1966 டொரோனாடோ: விலை பேசுமுன் ஐந்து வார இறுதிகள்

வண்டி ஓல்ட்ஸ்மொபீல் டொரோனாடோ டீலக்ஸ், 1966. இரண்டு கதவு கூப்பே, 425 கன அங்குல வி8, 385 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். ஷெட்டில் பல வருடம் மூடிக் கிடந்தது. பெயின்ட் பெரும்பாலும் தொழிற்சாலையில் அடித்ததே. இப்படிப் பளபளப்பாக நிற்கும் வண்டிகளில் தகரத்துக்கு முன்னால் கெடுவது ரப்பரும் நைலானும். ஓடித் தேய்ந்த வண்டியைப் பார்க்கும் கண்ணோடு இதைப் பார்த்தால் ஏமாறுவோம்.

முதல் வாரம்: எண்ணும் அடிப்பக்கமும்

வண்டியின் அடையாள எண் (VIN) பொறித்த பட்டை ஓட்டுநர் கதவின் கீல் தூணில் இருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே தேட வேண்டாம். இதில் 396876M என்று தொடங்குகிறது. 39687 டீலக்ஸ், 6 என்பது ஆண்டு, M என்பது லான்சிங் ஆலை. சாதாரண மாடலுக்கு 39487. டீலக்ஸ் என்று சொல்லி விற்கும் வண்டியில் 394 இருந்தால் அங்கேயே பேச்சு மாற வேண்டும்.

அடிப்பக்கத்தில் முக்கியமான இடம் பின்புறம். இதன் சேஸிஸ் வண்டியின் வால்வரை போகாது. பின் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனையோடு நின்றுவிடும். ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்குவது பாடித் தகரம்தான். அங்கே துரு இருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல, சஸ்பென்ஷன் பிரச்சினை. டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தோம். கணீரென்று சத்தம் வந்தால் நல்லது, பொத்தென்று வந்தால் உள்ளே பொடி. இதில் வலது மூலையில் மட்டும் மேலோட்டமான துரு; பின் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீர். பின் அச்சில் நான்கு ஷாக் அப்சார்பர் உண்டு, இரண்டு நெட்டுக்கு, இரண்டு படுக்கைக்கு. படுத்திருக்கும் இரண்டையும் பெரும்பாலோர் மாற்றுவதே இல்லை. இங்கும் அப்படியே.

இரண்டாம் வாரம்: சாவி போடாமல்

எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டி மெல்லிய ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டோம். பிறகு கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) போல்ட்டில் நீளப் பிடி வைத்து, கையால் இரண்டு முழுச் சுற்று. தடையில்லாமல் சுற்றியது.

அடுத்தது டைமிங் செயின் சோதனை; வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை கிராங்க்கோடு இணைப்பது இந்தச் செயின். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் ரோட்டரைப் பார்த்துக்கொண்டே கிராங்க்கை ஒரு பக்கம் திருப்ப வேண்டும். பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம். ரோட்டர் அசையத் தொடங்கும்வரை கிராங்க் எத்தனை டிகிரி வெறுமனே போகிறதோ அதுதான் தொய்வு. இங்கே 11 டிகிரி. ஐந்தாறு டிகிரி என்றால் விட்டுவிடலாம், பத்தைத் தாண்டினால் கழற்றுவதே சரி. காரணம், கேம் பல்சக்கரத்தின் பற்கள் நைலான் பூச்சு. சத்தம் குறையட்டும் என்று அன்று செய்தது. சூட்டில் வறண்டு விரிசல் விட்டு உடைந்து, ஆயில் பம்ப் சல்லடையை அடைத்துவிடும். மற்ற வண்டிகளில் ஆயில் தொட்டியை இறக்கிச் சுத்தம் செய்வது ஒரு மதிய வேலை. இதில் டிஃபரென்ஷியலும் வலது அச்சுத் தண்டும் குறுக்கே நிற்கின்றன. ஆகவே பற்கள் உதிருமுன் பிடிப்பதில்தான் லாபம். செயின் கவரைத் திறந்தபோது எல்லாப் பற்களும் இருந்தன, மூன்றில் விரிசல். முழு இரும்புச் சக்கரமும் புது செயினும் போட்டு, தொட்டியைத் தொடாமல் விட்டோம். பெட்ரோல் பம்ப்பைத் தள்ளும் எக்சென்ட்ரிக்கை (மையம் விலகிய வளையம்) திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

பிளக் வயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. செவர்லே வி8-க்கும் இதே எண்கள்தான், ஆனால் அதன் ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றும், ஓல்ட்ஸில் இடஞ்சுழி. செவர்லே பழகிய கை வயரை நேர்மாறாக மாட்டிவிட்டால், கார்புரேட்டர் வழியாக வெடிச் சத்தம் கேட்கும். பாயிண்ட் ட்வெல், அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், 30 டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலுள்ள சின்ன ஜன்னலைத் தூக்கி, 1/8 அங்குல ஆலன் சாவியால் எஞ்சின் ஓடும்போதே சரிசெய்யலாம்.

மூன்றாம் வாரம்: கார்புரேட்டர்

இதிலுள்ள கார்புரேட்டர் குவாட்ராஜெட். உள்ளே பிசின் அதிகமில்லை. ஆனால் அடியில் பெட்ரோல் கிணறுகளை மூடும் அடைப்புகள் கசிந்தன. ஒரு இரவு நிறுத்தினால் பெட்ரோல் கிண்ணம் காலியாகி, காலையில் நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டியிருப்பது இதனால்தான். கண்டுபிடிக்க, கழற்றிய உடலில் பெட்ரோல் ஊற்றி, பழைய செய்தித்தாள் மேல் நாலு மணி நேரம் வைத்தால் போதும், ஈர வட்டம் எந்த அடைப்பு என்று காட்டிவிடும். பெட்ரோல் தாங்கும் எபாக்சி பூசி 24 மணி நேரம் காயவைத்தோம். ஆக்சிலரேட்டர் பம்ப்பின் ரப்பர் கிண்ணம் கல்லாக இறுகியிருந்தது, மாற்றியாயிற்று. ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாறின.

நான்காம் வாரம்: பிரேக்

இந்த வண்டியின் பலவீனமே இதுதான். இரண்டு டன் எடைக்கு நான்கு சக்கரத்திலும் டிரம்; டிஸ்க் 1967-இல்தான், அதுவும் கூடுதல் காசுக்கு. 1966-இல் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, ஒரு குழாய் விட்டால் நான்கும் போச்சு. எனவே தெருவுக்குக் கொண்டுபோகுமுன் நான்கு வீல் சிலிண்டர், மூன்று ரப்பர் குழாய், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிது. பழைய ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்து, மிதியை விட்ட பிறகும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இடது முன்சக்கரம் அப்படித்தான் இறுகி நின்றது.

ஐந்தாம் வாரம்: விளக்கும் ஓட்டமும்

மறைந்திருக்கும் முன்விளக்குகளைத் தூக்குவது எஞ்சின் வேக்குவம் (உறிஞ்சும் விசை). வலது விளக்கு பாதியில் நின்றது. கைப் பம்ப்பால், விளக்கைத் தூக்கும் ஆக்சுவேட்டருக்கு 15 அங்குல (பாதரச) வேக்குவம் கொடுத்துப் பார்த்ததில் பம்ப்பின் முள் இறங்கவில்லை, அதாவது ஆக்சுவேட்டரில் கசிவில்லை. குற்றம் T இணைப்பில் வெடித்த குழாய்.

ஓட்டும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி இரு பக்கமும் மெதுவாக வட்டமடித்தோம். டக் டக் என்று கேட்டால் அச்சுத் தண்டின் வெளி ஜாயின்ட் போயிற்று என்று பொருள். இரண்டும் அமைதி. நின்ற இடத்திலிருந்து கிளம்புவது மட்டும் மந்தம். கியர்பாக்ஸ் டர்போ ஹைட்ராமேட்டிக் 425. அந்த ஆண்டுகளில் எஞ்சின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள், ஆயிலைத் திருப்பும் ஸ்டேட்டர் இதழ்களின் கோணம் மின்சாரத்தால் மாறும். அதற்கான வயர் இணைப்பானில் கழன்றிருந்தது. செருகியதும் சரி.

முன்புறத்தில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டின் (டார்ஷன் பார்) உயரம் சரிசெய்வது இன்னும் பாக்கி. இடது பக்கம் அரை அங்குலம் தாழ்வு. அதைச் சரிசெய்த பிறகே அலைன்மென்ட். வரிசை மாறினால் இரண்டு முறை காசு. 235/75R15 முன் டயர்களில் தேதி எண் 0911, அதாவது 2011-இன் ஒன்பதாவது வாரம். நான்கு டயரையும் விலையில் கழிக்கச் சொல்லியிருக்கிறோம்.