லாஸ் பின்யாஸ் சூசையப்பர் ஆலயமும் மூங்கில் ஆர்கனும்

மணிலாவுக்குத் தெற்கே, லாஸ் பின்யாஸில் இருக்கிறது இந்த ஆலயம். பீடத்தை வணங்கிவிட்டுப் பாடகர் மாடத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே நிற்பதுதான் மூங்கில் ஆர்கன்: கட்டையை அழுத்தினால் குழாய்களுக்குள் காற்று புகுந்து ஒலிக்கும் வாத்தியம். மொத்தம் 1,031 குழாய்கள். அதில் 902 மூங்கில், உலோகம் 129 மட்டுமே.

ஸ்பெயினிலிருந்து வந்த பங்குத்தந்தை தியேகோ செரா 1816-இல் வேலையைத் தொடங்கினார். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் பூச்சி வரும். சில மாதங்களில் உளுத்துக் கொட்டிவிடும். அதனால் வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார். மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் நம் பக்கமும் உண்டே, அதே யுக்திதான். 1821-இல் வாசிக்கும் நிலைக்கு வந்தது, எக்காளக் குழாய்கள் நீங்கலாக. அந்தக் கணீர்க் குரல் மூங்கிலுக்கு வராது என்று உலோகத்தில் செய்து, 1824-இல் முடித்தார்.

பிறகு நிலநடுக்கம், புயல். நெடுங்காலம் அது ஊமையாகக் கிடந்தது. மூங்கிலில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலே போதும், காற்று கசிந்து குழாய் சீறும் அல்லது வாயடைத்துப் போகும். 1973-இல் முழுவதையும் பிரித்து, ஜெர்மனியின் பான் நகரில் உள்ள கிளைஸ் என்ற ஆர்கன் பட்டறைக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்க் குளிர்காலத்து வறண்ட காற்று பட்டால் மூங்கில் பிளந்துவிடும். அதற்காகவே பிலிப்பைன்ஸின் வெக்கையையும் ஈரப்பதத்தையும் தனி அறையில் உண்டாக்கி, அதற்குள் வைத்து வேலை செய்தார்கள். மொத்தப் பழுதுபார்ப்பிலும் புத்திசாலித்தனமான காரியம் இதுதான். 1975-இல் ஆர்கன் ஊர் திரும்பியது. 2003-இல் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது.

பழுது பார்த்ததோடு வேலை தீராது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மூங்கில் குழாயின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும் (அரை ஸ்வரம் என்பது 100 சென்ட்). எக்காளத்தின் சுருதியோ உள்ளே அதிரும் பித்தளை நாக்கைப் பொறுத்தது. அது அவ்வளவாக நகராது. இரண்டும் விலகினால் காதில் உறுத்தும். 902 மூங்கிலையும் தொடுவார்களா? எக்காளங்களைத்தான் மூங்கிலுக்கு ஒட்டவைப்பார்கள். நாக்கை அழுத்திப் பிடிக்கும் கம்பியை நுனிப் பக்கம் இம்மியளவு தட்டினால் அதிரும் நீளம் குறையும், சுருதி ஏறும்.

பிப்ரவரியில் மூங்கில் ஆர்கன் விழா நடக்கும். ஆனால் திருப்பலியில் கேட்பதே மேல். கட்டை வரிசை ஒன்றுதான். எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்டாப்புகள் இடம், வலம் என்று பிரிந்தவை. வலக்கை எக்காளத்தில் பாட, இடக்கை மூங்கிலில் மெல்லத் தாங்கிப் போகும். இடையில் குருவி கத்தினால் ஜன்னலைப் பார்க்காதீர்கள். அதுவும் ஆர்கன்தான்: தண்ணீருக்குள் குழாய் நுனியை வைத்துக் காற்றை ஊதவிடும் ஸ்டாப்.