தேநீர் கொடுத்தவர் போரில் இருந்தாரா?

"அப்படியானால் உங்கள் மக்களை எந்தச் சட்டம் காப்பாற்றும்?" என்று நான் கேட்ட கேள்வியில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அதற்கு வந்த பதிலை நான் தள்ளிவிட்ட விதம் மனதை விட்டுப் போகவில்லை.

சட்ட மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டில் நான் நீதிபதியாக உட்கார்ந்திருந்தேன். அங்கே நாடுகளின் பெயர்கள் கற்பனை. பிரச்சினை 2006ல் லெபனானின் ஹெஸ்புல்லா என்ற ஆயுதக் குழுவுக்கும் இஸ்ரேலுக்கும் நடந்த சண்டை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயுதக் குழு ஒன்று எல்லை தாண்டிப் போய்ச் சிப்பாய்களைப் பிடித்து வருகிறது. பக்கத்து நாடு அந்தக் குழுவை மட்டும் அடிக்கவில்லை, விமான நிலையத்தின் ஓடுபாதையிலும் மின் நிலையத்திலும் குண்டு போடுகிறது. குழுவோடு சண்டை என்றால் நாட்டோடும் போர்தானா?

குண்டு விழுந்த நாட்டின் சார்பில், இல்லை என்று வாதாடிய மாணவி நன்றாகவே தயாராகி வந்திருந்தார். அரசுக்குத் தாக்குதல் முன்கூட்டியே தெரியாது, அதை ஏற்கவும் இல்லை, ராணுவம் சண்டையில் இறங்கவில்லை. ஆயுதம் கொடுத்து உதவுவது மட்டுமே ஆயுதத் தாக்குதல் ஆகிவிடாது என்று 1986ல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. குழுவை அடக்கத் திராணியில்லாத அரசு அதைவிடக் குறைவாகத்தானே செய்தது?

நான் குறுக்கிட்டேன். "சரி, இரு நாடுகளுக்கு இடையே போர் இல்லை என்கிறீர்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் முழுப் பாதுகாப்பு நாடுகளுக்கு இடையிலான மோதலுக்குத்தான் உண்டு. உங்கள் சிப்பாய் பிடிபட்டால் போர்க்கைதி அந்தஸ்து வேண்டாமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெற்கு லெபனானில் மர்ஜயூன் முகாமுக்குள் வந்த இஸ்ரேல் வீரர்களுக்கு லெபனான் அதிகாரி தேநீர் கொடுத்தார், யுவர் எக்ஸலன்சி. அவர் போரில் இருந்தாரா?"

"அது சம்பவம், சட்டம் இல்லை" என்றேன். நேரம் முடிந்துவிட்டது.

சட்டப்படி என் பக்கம் வலுவானதுதான். ஐ.நா. மனித உரிமைப் பேரவை அமைத்த விசாரணைக் குழு 2006லேயே, லெபனான் ராணுவம் சண்டையில் பங்கேற்காவிட்டாலும் அது நாடுகளுக்கு இடையிலான சர்வதேச ஆயுத மோதலே என்று சொன்னது. சம்மதமில்லாமல் ஒரு நாட்டின் மண்ணில் குண்டு விழுந்தால் அந்த நாடு சம்பந்தப்பட்டுவிடுகிறது. அங்குள்ள மக்களுக்கு இந்தப் பார்வைதான் நல்லது என்று நம்புகிறேன்.

ஆனால் 'ஆம், அது நாட்டோடு நடக்கும் போர்' என்று நான் சொன்ன அதே வாக்கியத்தை, குண்டு போடுபவரும் பிடித்துக்கொள்ளலாம். 2006 ஜூலை 12 அன்று எல்லையில் நடந்ததை இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மர்ட் லெபனான் என்ற நாட்டின் செயல் என்றே சொன்னார். மறுநாளே பெய்ரூட் விமான நிலையம் தாக்கப்பட்டது. மாணவி மூட நினைத்தது இந்தக் கதவை. நான் கேட்டதோ வேறு கதவைப் பற்றி. போர் தொடுக்க நியாயம் உண்டா என்பது ஒன்று, சண்டை நடக்கும்போது எந்த விதிகள் பொருந்தும் என்பது இன்னொன்று. வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கும் வேறுபாடுதான். வக்கீலுக்கு இரண்டையும் கையாளத் தெரிய வேண்டும் என்றுதான் அப்படிக் கேட்டேன்.

மர்ஜயூனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 10 அன்று இஸ்ரேல் படை உள்ளே வந்தது. தேநீர்க் காட்சி தொலைக்காட்சியில் வந்ததும் அந்த அதிகாரியை லெபனான் அரசே காவலில் வைத்தது. அதற்கு முன்பே, முகாமிலிருந்து கிளம்பிய வீரர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்ட ஊர் மக்களும் சென்ற வாகன வரிசையை இஸ்ரேல் விமானங்கள் தாக்கின. பலர் செத்தார்கள். தேநீர் கொடுத்த மறுநாளே இது நடந்தது. வெறும் சம்பவம் என்று நான் சொன்னதற்குள் எங்கள் இருவரின் வாதமும் இருந்திருக்கிறது.

என்னோடு உட்கார்ந்திருந்த நீதிபதி, "குடியிருப்பவன் கல்லெறிந்தால் வீட்டுக்காரனை அடிக்கலாமா சார்?" என்று மாணவிக்காகப் பேசினார். எனக்கு அது ஒப்பவில்லை. ஹெஸ்புல்லாவுக்கு அன்று நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களும் இருந்தார்கள், அமைச்சரவையில் இடமும் இருந்தது. வீட்டின் சாவியில் பாதி அதன் கையில். அதனால் லெபனான் முழுவதும் பொறுப்பாளியா என்று திருப்பிக் கேட்டால், அதற்கும் என்னால் ஆம் சொல்ல முடியாது.

2024 செப்டம்பர் 23ல் அன்றைய இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு லெபனான் மக்களிடம் நேரடியாகப் பேசி, எங்கள் போர் உங்களோடு இல்லை, ஹெஸ்புல்லாவோடு என்றார். 2006ல் சொன்னதற்கு நேர் எதிர். அன்று ஒரே நாளில் 500க்கும் மேற்பட்டோர் இறந்ததாக லெபனான் சுகாதார அமைச்சகம் சொன்னது. அப்புறம் நவம்பர் 27ல் போர்நிறுத்தம் வந்தது. அந்த உடன்பாட்டில் இஸ்ரேலுக்கு எதிரே இருந்த தரப்பு ஹெஸ்புல்லா அல்ல, லெபனான் அரசு. தன்னோடு போரே இல்லை என்று சொல்லப்பட்ட அரசுதான், ஆயுதக் குழுக்களைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டியிருந்தது.

மாணவி இன்று வாதாடினால் நான் இதைத்தான் முன்வைத்துக் கேட்பேன். அவரும் இதையே எனக்கு எதிராக எடுத்து வைக்கலாம். இரண்டில் எதற்கு மதிப்பெண் போடுவேன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.