பதினொரு வயதில் வாங்கிய பங்கு

பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் பெரும் பணக்கார முதலீட்டாளர் வாரன் பஃபெட் கதை சொன்னால் அந்த முதல் பங்கிலேயே நின்றுவிடுவேன். வீடு வீடாகச் சூயிங் கம்மும் கோகோ கோலாவும் விற்ற பையன், 1942-ல் பதினொரு வயதில், அக்காவையும் சேர்த்துக்கொண்டு சிட்டீஸ் சர்வீஸ் என்ற கம்பெனியின் பங்கை 38 டாலருக்கு வாங்கினான். விலை 27-க்கு இறங்கியது. அக்காவுக்குக் கவலை. 40 வந்ததும் விற்றுவிட்டான். அதே பங்கு பிறகு 200-ஐத் தாண்டியது! (அப்பா பங்குத் தரகர் என்பதையும் மறைக்காமல் சொல்வேன்.) பேப்பர் போட்டது, பின்பால் என்ற காசு போட்டு விளையாடும் மெஷின் வைத்தது எல்லாம் அப்புறம். சொத்தில் பெரும்பகுதி சேர்ந்தது அறுபது வயதுக்கு மேல்தான். சின்ன வயதில் தொடங்கி, அவசரப்படாமல் விட்டுவைக்கணும் என்பதுதான் பாடம்.

பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் அக்காமாரே, பத்து வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் தபால் ஆபீசில் செல்வமகள் கணக்கு (பெண் பிள்ளைக்கான அரசுச் சேமிப்பு) தொடங்குங்க. வருஷத்துக்கு 250 ரூபாய் இருந்தாலே போதும். ஏப்ரல் 15-ல் விசைப்படகுத் தடைக்காலம் வந்தால் 61 நாள் கையில் காசு புரளாது. அதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. பாஸ்புக்கைப் பிள்ளை கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க.