திரும்பி வருவது அதே கரும்புள்ளிதானா?

பொங்கலுக்குக் கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்தால், முன்னிரவில் மாடிக்குச் சென்று மேற்கு வானத்தைப் பார்ப்பது என் வழக்கம். கட்டில் கால்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லும் பூரட்டாதி, உத்திரட்டாதி மீன்கள் நான்கும் சேர்ந்த சதுரத்துக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு விண்மீன் தெரியும். அதன் பெயர் சீட்டா ஆந்திரோமீடா. ஏறத்தாழ 180 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைப் போல் சுமார் 15 மடங்கு ஆரத்துடன் இருக்கும் அந்த ராட்சத விண்மீனின் மேல் கரும்புள்ளிகள் இருக்கின்றன.

இதை அப்பத்தாவுக்கு விளக்குவதற்காக, துலக்கிய பித்தளைக் குடத்தின் வயிற்றில் கட்டைவிரலால் கரியைத் தீற்றி, வளவில் உட்கார்ந்து மெல்லச் சுழற்றிக் காட்டினேன். கரி நம் பக்கம் வரும்போது ஒளி குறைகிறது, மறையும்போது கூடுகிறது என்றேன். இரண்டு சுற்று பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அதே கருப்புத்தான் திரும்பி வருதுன்னு எப்படிப்பா கண்டுபிடிச்சாக?"

இந்தத் துறையின் மையக் கேள்வியே அதுதான். ஒளி கூடிக் குறைவதை மட்டும் வைத்துக்கொண்டால், பழைய புள்ளி நகர்ந்ததா, அது கரைந்து பக்கத்தில் புதியது முளைத்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, அதாவது நிறமாலையைப் பார்க்கிறார்கள். அதன் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் இருக்கும். சுழலும் விண்மீனின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, அதன் ஒளி நீலப் பக்கம் சற்று நகரும்; மறு விளிம்பு விலகிச் செல்கிறது, அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். ஆகவே புள்ளி முகத்தைக் கடக்கும்போது, நிறமாலைக் கோட்டுக்குள் ஒரு சிறு மேடு நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கத்துக்கு ஊர்ந்து போகும். துருவத்தருகே உள்ள புள்ளியின் மேடோ கோட்டின் நடுவை விட்டு அதிகம் நகராது. இந்த ஊர்தலிலிருந்து விண்மீனின் வரைபடத்தையே மீட்டெடுக்கும் முறைக்கு டாப்ளர் படமாக்கம் என்று பெயர்.

புள்ளி கருப்பாகத் தெரிவதற்குக் காந்தப்புலமே காரணம். உள்ளிருந்து கொதித்தெழும் வெப்ப வாயுவை அது தடுப்பதால் அவ்விடம் குளிர்கிறது. பெரிதாக வீங்கிய விண்மீன்கள் பொதுவாக மெதுவாகச் சுழல்பவை. ஆனால் நெருங்கிய துணை விண்மீன் இருந்தால், அதன் ஈர்ப்பு சுழற்சியை வேகமாகவே வைத்திருக்க, காந்தப்புலமும் வலுக்கிறது. சீட்டா ஆந்திரோமீடா 18 நாளுக்கு ஒருமுறை சுழல்வது அப்படித்தான்.

அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஆறு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து 2011-லும் 2013-லும் இதைப் படமெடுத்தார்கள். துருவத்தின் பெரும்புள்ளி இரண்டிலும் இருந்தது. கீழே இருந்தவையோ இடம் மாறியிருந்தன. சூரியனில் புள்ளிகள் நடுக்கோட்டின் இருபுறமும் பட்டைகளாக அமையும், துருவங்களில் இருப்பதில்லை. கொடைக்கானலில் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கு பழக்கமானது. சீட்டா ஆந்திரோமீடாவில் அந்த ஒழுங்கைக் காணவில்லை.

இதைவிட என்னை அதிகம் ஈர்ப்பது எக்ஸ்எக்ஸ் டிரையாங்குலி என்ற விண்மீன். அது 24 நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது. சூரியனின் மிகப் பெரிய புள்ளித் தொகுதியைவிடப் பத்தாயிரம் மடங்கு பரப்புள்ள ஒரு புள்ளியை அதில் கண்டதாக 1999-இல் ஆஸ்திரிய வானியலாளர் ஸ்ட்ராஸ்மையர் எழுதினார். பிறகு ஸ்பெயினின் டெனெரீஃப் தீவின் தானியங்கித் தொலைநோக்கிகள் அதை ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்தன. முதல் ஆறாண்டுத் தரவில் புள்ளிகள் கரையும் வேகத்தை அளந்து, புள்ளிகள் பெருகிக் குறைந்து மறுபடி பெருகும் காந்தச் சுழற்சி சுமார் 26 ஆண்டுகள் இருக்கலாம் என்று 2015-இல் கணித்தார்கள். 2024-இல் வெளியான 16 ஆண்டுத் தொகுப்போ வேறு கதை சொன்னது: புள்ளிகள் தோன்றுகின்றன, நகர்கின்றன, சில ஒன்றோடொன்று சேர்கின்றன, கரைகின்றன, ஆனால் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி போன்ற முறை எதுவும் தெரியவில்லை, பெரும்பாலும் குழப்பமான போக்கே தெரிகிறது. பொறுமையாகப் பதினாறு ஆண்டுகள் பார்த்ததால் கிடைத்த இந்த விடையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அப்பத்தாவிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். சில சுற்றுக்கு வருவது அதே கருப்புத்தான், சில மாதம் கழித்து வருவது வேறாக இருக்கலாம் என்றேன். அவர் குடத்தை வாங்கி, முந்தானையால் கரியை ஓரமாகக் கொஞ்சம் துடைத்துவிட்டு, இன்னொரு முறை சுற்றச் சொன்னார்.