118ஆம் சங்கீதத்தோடு ஒரு வாரம்

ஏப்ரல் 12, 2025, சனி

கொயர் பயிற்சி முடிய ராத்திரி ஒன்பது ஆகிவிட்டது. ஈஸ்டருக்குப் பாடப்போவது வேதாகமத்தின் 118ஆம் சங்கீதம். "கர்த்தர் என் பெலனும், என் கீதமுமானவர், அவர் எனக்கு இரட்சிப்புமானார்" என்ற வரியில் ஆண்கள் குரல் இன்னும் ஏறவில்லை. இந்த வரி செங்கடலைத் தாண்டியதும் மோசே பாடிய பாட்டிலும் (யாத்திராகமம் 15) இருக்கிறது, ஏசாயா 12லும் இருக்கிறது. மூன்று இடம், ஒரே வரி. யாத்திராகமத்தில் அதற்கு முந்தின அதிகாரத்தைப் புரட்டினேன். "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." ஜெயித்தவர் அவர், பாடுகிற பங்கு மட்டும் நமக்கு.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

எட்டு மணிக்கே வேலூர் வெயில் உச்சியைப் பிளந்தது. பிள்ளைகள் ஓலைச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடிக்கொண்டே முன்னால் போனார்கள். எருசலேமில் இயேசுவை வரவேற்ற கூட்டம் பாடியதும் இதே 118தான். ஓசன்னா என்றால் "இரட்சியும்". "கர்த்தாவே, இரட்சியும்", அடுத்த வசனத்திலேயே "கர்த்தருடைய நாமத்தினாலே வருகிறவர் ஆசீர்வதிக்கப்பட்டவர்".

திரும்பும்போது ஐடா ஸ்கடர் சாலை வழியாக வந்தேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகளைக் கூட்டி வந்தவர்கள் ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு லாட்ஜ் வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வைத்தியம், சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்து, இன்றைக்கு இந்த ஊரையே நிரப்பியிருக்கிறது. "இரட்சியும்" என்ற ஜெபம் இந்தத் தெருவில் எத்தனை மொழியில் ஏறுகிறதோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

திருவிருந்து ஆராதனை. ஆயர் ஐயா மத்தேயு 26 வாசித்தார். "அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடின பின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப் போனார்கள்." பஸ்கா இரவில் 113 முதல் 118 வரை உள்ள சங்கீதங்களைப் பாடுவது யூதர்களின் வழக்கம் என்று விளக்கினார். அப்படியென்றால் ஆண்டவர் தாம் பிடிபட்ட கெத்செமனே தோட்டத்துக்கு நடக்கும் முன் கடைசியாகப் பாடியது அநேகமாக நாங்கள் பயிற்சி செய்கிற இதே பாட்டு.

வீட்டுக்கு வந்து அந்த நினைப்போடு முழுதும் வாசித்தேன். 22ஆம் வசனம், வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல். 27ஆம் வசனம், "பண்டிகைப் பலியைக் கொண்டுபோய் பலிபீடத்தின் கொம்புகளில் கயிறுகளால் கட்டுங்கள்." இதை அவர் வாயால் பாடினார். பாடிவிட்டுப் போய்க் கட்டப்பட்டார். இதற்கு மேல் வாசிக்க முடியாமல் அழுதேன்.

சாட்சி நேரத்தில் வேலை கிடைத்ததையும், கட்டி கரைந்ததையும், வீடு கட்டி முடித்ததையும் ஜெயம் என்கிறோம். அதெல்லாம் அவர் கொடுத்ததுதான், ஸ்தோத்திரம். ஆனால் எங்கள் கொயரில் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் உபவாசமிருந்து ஜெபித்தும் அவர் கணவர் பிழைக்கவில்லை. அடுத்த ஞாயிறே வந்து ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) வரிசையில் நின்றார். சாட்சி சொல்ல அவரை யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும். சிலுவைக்கு முன்னாலேயே ஜெயப்பாட்டைப் பாடியவருடைய சபை நாம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி தியானம், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மூன்று மணி நேர ஆராதனை. "முடிந்தது" என்ற ஆறாம் வார்த்தையில் ஆயர் ஐயா வெகுநேரம் நின்றார். மோர்கூடக் குடிக்கவில்லை. அதிகம் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நாலரை மணிக்கு ஆராதனை. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ஆயர் ஐயா சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சபை இடித்துச் சொன்னது. அல்லேலூயா! அப்புறம் 118. ஆண்கள் குரல் இன்று தானாக ஏறியது. "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்" வந்தபோது பெரியம்மா நோட்டை மூடிவிட்டுப் பாடினார். முடிந்ததும் கையைப் பிடித்துக் கேட்டேன், "பெரியம்மா, அடுத்த வாரம் சாட்சி சொல்றீங்களா?" "என்னம்மா சொல்லட்டும், அவர் போயிட்டாரே" என்றார். "அதைத்தான் சொல்லணும்" என்றேன். சரி என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

மத்தியானம் போப் பிரான்சிஸ் இறந்த செய்தி. நேற்றுத்தான் பால்கனியில் வந்து ஈஸ்டர் ஆசி கொடுத்தார். 88 வயது. பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர், அழுதுகொண்டிருந்தார். போய் உட்கார்ந்தேன். 118ஐ வாசிக்கச் சொன்னார். 17ஆம் வசனத்தில், "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற இடத்தில் நிறுத்தி, "செத்தவங்களுக்கு இது எப்படிம்மா?" என்றார். 1 கொரிந்தியர் 15ஐ எடுத்தேன். "மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?" இந்த வசனத்தை முதலில் சொல்லத் தகுதியுள்ளவர் கல்லறையிலிருந்து வந்தவர்தான் என்றேன், அவருக்குள் மரித்தவர்களும் அவரோடு சேர்ந்து சொல்வார்கள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து நீங்க பாடினீங்களே, அந்த ராகத்துல பாடு" என்றார். ஆல்டோ மட்டும்தான் எனக்குத் தெரியும், அதையே பாடினேன். இரண்டாவது தடவை அவரும் சேர்ந்துகொண்டார்.