சம்பளம் தருபவருக்கு மூன்றாம் இடம்

கணினிப் பாதுகாப்புத் துறையில் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்குப் படிப்பவர்கள், அதை வழங்கும் ஐஎஸ்சி2 அமைப்பின் நான்கு நெறிகளை மனப்பாடம் செய்வார்கள். சமூகம் முதலில், நேர்மையும் சட்டமும் அடுத்தது, வேலை கொடுத்தவர் மூன்றாவது, தொழிலின் நற்பெயர் கடைசி. பரீட்சை முடிந்ததும் நெறிகள் ஞாபகத்தில் இருக்கும், வரிசை மறந்துபோகும். இரண்டு நெறிகள் மோதினால் மேலே இருப்பதுதான் செல்லும் என்பதற்காகவே அந்த வரிசை.

பெங்களூரில் இந்த மோதலுக்கு வெள்ளி ராத்திரி மேல் அலாதிப் பிரியம். அணியில் பாதிப்பேர் ஊருக்கு பஸ் பிடிக்க மடிவாளாவில் நிற்பார்கள். வாடிக்கையாளர் தரவுத்தளத்திலிருந்து முன்பின் தெரியாத ஐபி முகவரிக்கு டேட்டா போவதாக அலர்ட் வரும். "இன்னும் கன்ஃபர்ம் ஆகலையே, திங்கட்கிழமை பாக்கலாம்" என்பார் மேலாளர்.

கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, சம்பவம் கண்ணில் பட்டதிலிருந்து 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. உறுதியானதிலிருந்து என்று அதில் இல்லை. அதனால் அந்த நேரத்தில் கையில் இருப்பதை வைத்து முதல் அறிக்கையை அனுப்பிவிட்டு, மீதியைப் பிறகு சேர்ப்பதே சரி. இதில் பலர் சறுக்குவது நேரக் கணக்கில். சர்வர் லாக் (நடந்ததைக் கணினியே குறித்து வைக்கும் பதிவு) யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், சம்பவத்தைப் பதியும் டிக்கெட் இந்திய நேரத்தில் இருக்கும், நடுவே ஐந்தரை மணி நேரம். இரண்டையும் கலந்து எழுதினால் கெடு தாண்டிவிட்டதா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்பதே குழம்பிவிடும். முதல் வரியிலேயே எந்த நேரம் என்று எழுதிவிடுங்கள். பாதித்த கணினியை பவர் ஆஃப் செய்யாதீர்கள், மெமரியில் இருக்கும் தடயம் அழிந்துவிடும். நெட்வொர்க்கிலிருந்து மட்டும் துண்டித்து, மெமரியை நகல் எடுத்து, நகலின் ஷா-256 ஹாஷை (நகல் மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) குறித்து வையுங்கள். லாக்குகளை 180 நாள் வைத்திருப்பதும் அதே உத்தரவில் உண்டு. "இடம் பத்தலை" என்று யாராவது அழிக்கச் சொன்னால் மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த மின்னஞ்சல் வராது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊபர் சாட்சி. 2016இல் 5.7 கோடிப் பேரின் தகவல் திருடப்பட்டது. திருடியவர்களுக்கு பக் பவுன்டி (பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பரிசு தரும் திட்டம்) வழியாக 1 லட்சம் டாலர் கொடுத்து, டேட்டா எதையும் எடுக்கவில்லை என்று பொய்யாக எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவனை 2022இல் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளி என்றது. பக் பவுன்டி நல்ல ஏற்பாடுதான். டேட்டாவை அள்ளிக்கொண்டு பணம் கேட்டவர்களை ஆராய்ச்சியாளர் கணக்கில் எழுதியதுதான் கோளாறு.

எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் இதைவிட அடிக்கடி நடப்பது சத்தமில்லாத இன்னொன்று: விஏபிடி (ஓட்டைகளைத் தேடும் பாதுகாப்புச் சோதனை) அறிக்கையில், சோதிக்கச் சொன்ன நிறுவனமே கிரிட்டிக்கலை மீடியமாக்கச் சொல்வது. ஓட்டையின் தீவிரத்தைப் பத்துக்கு அளக்கும் சிவிஎஸ்எஸ் மதிப்பில் 9 அல்லது அதற்கு மேல் இருந்தது 6.9 அல்லது அதற்குக் கீழே வர ஒரு காரணம் வேண்டும். "அது உள் நெட்வொர்க்கில்தான் இருக்கு" என்றால் ஃபயர்வால் விதியைக் காட்டட்டும், வெளியிலிருந்து நாமே ஒருமுறை தொட்டுப் பார்ப்போம். உண்மையென்றால் வெக்டரை (எங்கிருந்து, எப்படித் தாக்கலாம் என்ற குறிப்பை) மாற்றி, காரணத்தையும் எழுதலாம். இல்லையென்றால் மதிப்பு அப்படியே இருக்கட்டும். ஆபத்தை ஏற்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஏற்பவரின் பெயரும் தேதியும் அறிக்கையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

அனுமதி வாங்காமல் அடுத்தவர் செயலியில் ஓட்டை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும், உரிமையாளரின் அனுமதியின்றி நுழைவதும் நகலெடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் வரும். அதையே மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. அனுமதி இருக்கும் இடத்திலும் அளவு வேண்டும். ஆர்டர் எண்ணை மாற்றினால் இன்னொருவர் பில் தெரிகிறதா என்று பார்க்க உங்களுடைய இரண்டு கணக்குகளே போதும். ஆயிரம் எண்களை ஸ்கிரிப்ட் வைத்து ஓட்டினால் ஓட்டைக்கு ஆதாரம் கூடுவதில்லை, உங்கள் லேப்டாப்பில் ஆயிரம் பேருடைய முகவரி சேரும்.

அலர்ட் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே ரகம்தான். வாடிக்கையாளரின் மொபைல் எண்ணை மறைக்காமல் போட்டால், விசாரித்துக்கொண்டிருக்கும் கசிவோடு நாமே இன்னொரு கசிவைச் சேர்க்கிறோம்.