எதனுடைய மூல்?

மூல் என்பது அணு, மூலக்கூறு போன்ற துணிக்கைகளை எண்ணும் அலகு. மூல் கணக்கில் பிழைவிடும் பிள்ளைகள் பெரும்பாலும் பெருக்கல் வகுத்தலில் பிழைவிடுவதில்லை. விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தால் கணிப்பு ஒழுங்காகவே போயிருக்கும். எந்தத் துணிக்கையை எண்ணுகிறோம் என்பதை முதல் வரியில் தீர்மானிக்காமல் விட்டிருப்பார்கள். "ஒட்சிசன் 1 மூல்" என்று எழுதிவிட்டு, அது ஒட்சிசன் அணுவா, ஒட்சிசன் மூலக்கூறா என்று பாராமல் 16 அல்லது 32, கைக்கு வந்ததைப் போடுவார்கள். தரம் 10 விஞ்ஞானத்தில் விழும் இந்த ஓட்டை உயர்தர இரசாயனவியல் வரை கூடவே வருகிறது. எதனுடைய மூல் என்று கேட்கப் பழகினால் அது அடைபடும்.

முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம். ஒரு மூல் என்பது 6.02214076 × 10²³ துணிக்கைகள். 2019 மே 20 முதல் இது வரையறுக்கப்பட்ட, மாறாத எண். அதற்கு முன்பு, 12 கிராம் காபன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்பதே வரையறை. பழைய வினாத்தாள்களிலும் குறிப்புகளிலும் அதுதான் இருக்கும். பாடசாலைக் கணக்குக்கு 6.022 × 10²³ போதும், இரண்டு வரையறைக்கும் விடை மாறாது. அவகாதரோ 1811 இல் சொன்னது வேறொன்று: ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உண்டு என்பது. அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பெரிய எண்ணை யாரும் எண்ணுவதில்லை, நிறுக்கிறார்கள். நிறுத்து எண்ணும் வழக்கம் வன்னியில் வயலோடு வளர்ந்த பிள்ளைக்குப் புதிதல்ல. விதைநெல்லில் ஆயிரம் மணி நிறை என்று ஒரு அளவு உண்டு. ஒரு நாட்டு நெல்லினத்தின் ஆயிரம் மணி 25 கிராம் இருந்தால், 1 கிலோவில் 40,000 மணிகள். கீரிச் சம்பாவின் ஆயிரம் மணி அதில் ஏறக்குறையப் பாதிதான். எண்ணிக்கை ஒன்று, நிறை வேறு. ஆயிரம் மணி நிறை நெல்லினத்துக்கு என்னவோ, மூலர்த்திணிவு, அதாவது 1 மூலின் திணிவு, பதார்த்தத்துக்கு அது. காபன் அணு 1 மூல் 12 கிராம். செம்பு அணு 1 மூல் 63.5 கிராம்.

சாரணுத்திணிவு என்பது ஓர் அணுவின் திணிவு காபன்-12 அணுவின் பன்னிரண்டில் ஒரு பங்கைப்போல் எத்தனை மடங்கு என்பது; அதற்கு அலகு இல்லை. மூலர்த்திணிவின் அலகு கிராம்/மூல். இரண்டுக்கும் எண் ஒன்றே என்பதால் பிள்ளைகள் அலகை விட்டுவிடுகிறார்கள். அலகை எழுதினால் பாதிப் பிழை தானாகவே வெளியே தெரியும்: கிராமை கிராம்/மூலால் வகுத்தால் மூல் வரும். பெருக்கிவிட்டால் வரும் அலகுக்குப் பொருளே இல்லை. "வகுக்கிறதா, பெருக்கிறதா?" என்று கேட்கும் பிள்ளைக்கு திணிவு, மூல், மூலர்த்திணிவு மூன்றையும் வைத்து முக்கோணப் படம் போட்டு மனப்பாடம் செய்யக் கொடுப்பதைவிட, அலகை எழுதச் சொல்லிக் கொடுப்பது நல்லது. முக்கோணம் பரீட்சை மண்டபத்தில் தலைகீழாகிவிடும்.

மூலர்த்திணிவைக் கணிக்கும்போது சூத்திரத்தை உடைத்து, எந்த அணு எத்தனை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். யூரியாவில் காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4. ஆகவே 12 + 16 + 28 + 4 = 60 கிராம்/மூல். அடைப்புக்குறி உள்ள சூத்திரங்களில்தான் சறுக்கல். நீறிய சுண்ணாம்பான கல்சியம் ஐதரொட்சைட்டில் ஐதரொட்சைட்டுத் தொகுதி இரண்டு: 40 + 2 × 17 = 74. அடைப்புக்கு வெளியே உள்ள 2ஐ மறந்தால் 57 வரும். அதை ஐதரசனுக்கு மட்டும் கொடுத்தால் 58 வரும். விடைத்தாளில் இந்த இரண்டு எண்களில் ஒன்றைக் கண்டால், பிள்ளை எந்த இடத்தில் தவறியது என்று உடனே தெரிந்துவிடும். தண்ணீரைத் தெளிய வைக்கும் அலுமினியம் சல்பேற்று இன்னும் நல்ல பயிற்சி: அலுமினியம் 2, சல்பேற்றுத் தொகுதி 3. 54 + 3 × 96 = 342.

இனி உரப்பைக்கு வருவோம். யூரியாப் பையில் நைதரசன் 46 சதவீதம் என்று இருக்கும். 60 இல் 28, அதாவது தூய யூரியாவில் 46.7 சதவீதம், பையில் உள்ள எண் அதிலிருந்தே வருகிறது. 50 கிலோ தூய யூரியாவில் எத்தனை மூல்? 50,000 ÷ 60 = 833. இது யூரியா மூலக்கூறின் மூல். நைதரசன் அணுவின் மூல் அதன் இரு மடங்கு, 1667. ஒரே பைக்கு இரண்டு விடை, இரண்டும் சரி. "இந்தப் பையில் எத்தனை மூல்?" என்று மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே முழுமையில்லாதது.

பொற்றாசியப் பசளையில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழம். பைக்குள் இருப்பது பொற்றாசியம் குளோரைட்டு. பையில் அச்சிட்டிருக்கும் 60 சதவீதமோ பொற்றாசியம் ஒட்சைட்டுக்கு உரியது. பைக்குள் பொற்றாசியம் ஒட்சைட்டு ஒரு மணிகூட இல்லை. உள்ள பொற்றாசியம் முழுவதும் ஒட்சைட்டாக இருந்தால் எவ்வளவு நிறை வரும் என்று கணக்கிட்டுச் சொல்வது உர வணிகத்தின் பழைய வழக்கம். பொற்றாசியம் ஒட்சைட்டின் மூலர்த்திணிவு 94, அதில் பொற்றாசியம் 78. 50 கிலோப் பையில் ஒட்சைட்டுக் கணக்கில் 30 கிலோ என்றால், உண்மையில் பயிருக்குக் கிடைக்கும் பொற்றாசியம் 30 × 78 ÷ 94, ஏறக்குறைய 24.9 கிலோ. காலபோகத்துக்கு உரம் கணக்கிடும்போது பரிந்துரை எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்காமல் இரண்டையும் கலந்தால், ஐந்தில் ஒரு பங்கு கூடியோ குறைந்தோ போகும்.

கிணற்றுத் தண்ணீர் அறிக்கையும் இப்படித்தான். வன்னியில் பல இடங்களில் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அறிக்கையில் வன்மை (கரைந்துள்ள கல்சியம், மகனீசியம் உப்புகளின் அளவு) லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று இருந்தால், அது கல்சியம் காபனேற்றாகக் கணித்த எண். அதன் மூலர்த்திணிவு 100 ஆதலால் கணக்கு எளிது: லீற்றருக்கு 3 மில்லிமூல். வன்மை முழுவதும் கல்சியத்தால் என்று கொண்டால், உண்மையில் உள்ள கல்சியம் 3 × 40 = 120 மில்லிகிராம். 300 மில்லிகிராம் கல்சியம் என்று வாசிப்பது தவறு.

அடுத்தது சமன்பாடு. இதற்கு எங்கள் பகுதியில் பரந்தனைவிட நல்ல உதாரணம் இல்லை. ஏ9 வீதியில் வடக்கே ஆனையிறவு உப்பளம், தெற்கே பரந்தன். போருக்கு முன்பு பரந்தனில் இயங்கிய இரசாயனத் தொழிற்சாலை உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) குளோரீனும் செய்தது. தாக்கம் இது:

2 சோடியம் குளோரைட்டு + 2 நீர் → 2 சோடியம் ஐதரொட்சைட்டு + 1 குளோரீன் + 1 ஐதரசன்

1000 கிலோ தூய உப்பு முழுவதும் தாக்கமுற்றால் எவ்வளவு குளோரீன் கிடைக்கும்? அதிகம் வரும் பிழை விடை 500 கிலோ. "இரண்டுக்கு ஒன்று, ஆகவே பாதி" என்ற எண்ணம். சமன்பாட்டிலுள்ள 2உம் 1உம் துணிக்கைகளின் எண்ணிக்கை. கிலோவுக்கு அவை பொருந்தா. தாக்கம் எண்ணிக்கையில் நடக்கிறது, தராசு திணிவைக் காட்டுகிறது. ஆகவே திணிவிலிருந்து மூலுக்குப் போய், அங்கே விகிதத்தைப் போட்டு, திரும்பவும் திணிவுக்கு வர வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

உப்பின் மூலர்த்திணிவு 23 + 35.5 = 58.5. 1,000,000 ÷ 58.5 = 17,094 மூல். விகிதம் 2:1, ஆகவே குளோரீன் மூலக்கூறு 8547 மூல். மூலக்கூறில் அணு இரண்டு, எனவே 71 ஆல் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 607 கிலோ. இங்கே 35.5 ஆல் பெருக்கியவருக்கு 303 கிலோ வரும். "எதனுடைய மூல்" என்று கேட்காததன் விலை அது. சோடியம் ஐதரொட்சைட்டு 17,094 × 40, அதாவது 684 கிலோ. ஐதரசன் 8547 × 2, அதாவது 17 கிலோ.

இப்போது சரிபார்ப்பு. செலவான நீர் 17,094 × 18, ஏறக்குறைய 308 கிலோ. இடப்பக்கம் 1000 + 308 = 1308. வலப்பக்கம் 684 + 607 + 17 = 1308. மூல்களின் கூட்டுத்தொகை இரு பக்கமும் சமனாக வேண்டியதில்லை. திணிவு சமனாக வேண்டும். சமனாகாவிட்டால் ஒரு மூலர்த்திணிவோ ஒரு குணகமோ பிழை. ஒரு நிமிட வேலைதான், ஆனாலும் செய்பவர்கள் குறைவு. இவை கோட்பாட்டின் உச்ச அளவுகள் என்பதையும் சொல்ல வேண்டும். உப்பில் ஈரமும் மகனீசியம், கல்சியம் உப்புகளும் இருக்கும். கரைசலிலுள்ள உப்பு முழுவதும் மின்பகுப்புறாது. எந்தத் தொழிற்சாலையிலும் விளைவு இதைவிடக் குறைவே.

ஆய்வுகூடத்தில் கரைசல் செய்யும்போது, கணக்கைச் சரியாகச் செய்த பிள்ளைகளும் தவறுகிறார்கள். 0.1 மூல்/லீற்றர் செறிவில் 250 மில்லிலீற்றர் செம்புச் சல்பேற்றுக் கரைசல் வேண்டும் என்று வைப்போம். தேவையான மூல் 0.1 × 0.25 = 0.025. (250 என்று அப்படியே போட்டால் 25 மூல் வரும், 6 கிலோவுக்கு மேல் நிறுக்க வேண்டும், விடையின் பருமனே பிழையைக் காட்டிக் கொடுக்கும்.) அடுத்து போத்தலின் சுட்டியை வாசிக்க வேண்டும். நீலப் பளிங்கு என்றால் ஒவ்வொரு அலகுக்கும் 5 நீர் மூலக்கூறு உண்டு: 159.5 + 90 = 249.5. நிறுக்க வேண்டியது 6.24 கிராம். பளிங்கு நீரை மறந்து 159.5 ஐ எடுத்தவர் 3.99 கிராம் நிறுப்பார். பளிங்கு நீலமாக, கரைசலும் நீலமாக, எல்லாம் சரிபோலத் தெரியும். செறிவு மட்டும் 0.064 ஆக இருக்கும்.

நிறுத்ததை முகவையில் குறைந்த காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, புனல் வழியாகக் கனமானக் குடுவைக்கு மாற்றி, முகவையையும் புனலையும் கழுவிய நீரையும் அதற்குள்ளேயே விட்டு, குறிவரை நீர் சேர்க்க வேண்டும். 250 மில்லிலீற்றர் நீரை அளந்து அதற்குள் உப்பைப் போடக்கூடாது. செறிவு என்பது முடிவில் உள்ள கரைசலின் கனவளவுக்கு உரியது. கழுவிய நீரை ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கும், எண்ணித்தான் நிறுத்த துணிக்கைகளில் ஒரு பங்கு தொட்டிக்குள் போய்விடும். குறியைத் தாண்டிவிட்டால் மேலே உள்ளதை உறிஞ்சி எடுப்பதில் பயனில்லை, உப்பும் சேர்ந்து வெளியேறும். முதலிலிருந்து செய்வதே வழி.

பல பாடசாலைகளில் இருப்பது 0.1 கிராம் வரை காட்டும் முக்கோல் தராசு. 6.2 கிராம் நிறுக்க அது தாராளம்; 0.05 கிராம் வழு என்றாலும் ஒரு சதவீதத்துக்குள். ஆனால் 0.01 மூல்/லீற்றர் கேட்டால் 0.62 கிராம் நிறுக்க வேண்டி வரும், அதே வழு எட்டு சதவீதமாகிவிடும். அப்போது முதலில் 0.1 கரைசலைச் செய்து, குழாயியால் 25 மில்லிலீற்றர் எடுத்து, இன்னொரு 250 மில்லிலீற்றர் குடுவையில் குறிவரை ஐதாக்கினால் நல்ல 0.01 கிடைக்கும். சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகளுக்கு எந்தத் தராசும் உதவாது. நிறுக்கும்போதே காற்றிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சும், தராசு காட்டுவது அவற்றையும் சேர்த்தே. ஏறத்தாழ நிறுத்துக் கரைத்து, பிறகு செறிவு தெரிந்த அமிலத்துடன் நியமித்து, அதாவது நடுநிலையாக்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்று அளந்துதான், உண்மையான செறிவை அறிய வேண்டும்.

வாயுவில் இன்னொரு சிக்கல், இது வெயிலால் வருவது. 1 மூல் வாயு 22.4 லீற்றர் என்பது 0 °ச இலும் 1 வளிமண்டல அமுக்கத்திலும் மட்டும். கிளிநொச்சியில் வகுப்பறை 30 °ச என்றால் அது 22.4 × 303 ÷ 273, ஏறக்குறைய 24.9 லீற்றர். 0.024 கிராம் மகனீசியத்தை மிகையான ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் 0.001 மூல் ஐதரசன் மூலக்கூறு வெளிவரும், 22.4 மில்லிலீற்றரை எதிர்பார்க்கும் பிள்ளைக்கு 26 கிடைக்கும். 24.9 கூட அல்ல, 26. நீரின் மேல் சேகரிக்கும்போது குழாய்க்குள் நீராவியும் இருக்கிறது. 30 °ச இல் அதன் அமுக்கம் ஏறக்குறைய 4.2 கிலோபஸ்கால். பரிசோதனை பிழைத்துவிட்டது என்று அந்த 26 ஐ வெட்டிவிட்டு 22.4 என்று எழுத வைப்பது பெரிய அநியாயம், ஏனென்றால் பிள்ளை அளந்ததுதான் சரி. 0.024 கிராமை முக்கோல் தராசில் நிறுக்க முடியாது என்று இதைக் கைவிடவும் வேண்டாம். மகனீசிய நாடாவைச் சில மீற்றர் நீளமாக எடுத்து, மேலே படிந்த ஒட்சைட்டை அரத்தாளால் தேய்த்து நீக்கி, முழுவதையும் நிறுத்து, ஒரு சென்ரிமீற்றருக்கு எவ்வளவு என்று வகுத்து, தேவையான நீளத்தை அடிமட்டத்தால் அளந்து வெட்டிக்கொள்ளலாம்.